மூன்றாம் திருத்தம்

செகாம்புட்டில் ஒரு தச்சுப் பட்டறை.
நடுவில் பிளைவுட்டால் ஒரு கழிப்பறை.
கூரையில்லை, குழாயில்லை,
உட்காரும் பீங்கான் மட்டும் நிஜம்.
பேருந்து நிலையத்தில் அடுத்த வருஷம் கட்டப்போவதை
இன்றைக்குப் பொய்யாகக் கட்டிப் பார்க்கிறோம்.

வரைந்தவன் நான்.
சக்கர நாற்காலி முழுதாய்ச் சுற்ற
ஒன்றரை மீட்டர் வட்டம்.
காகிதத்தில் அந்த வட்டம்
ஊதினால் உருண்டோடும்போல் இருந்தது.

உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வந்தவர் புஷ்பலீலா.
தொலைபேசி இலாகாவில் இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தவர்.
ஒரு காலை, பல் துலக்கும்போது
இடப்பக்கம் அவரைவிட்டு இறங்கிப் போய்விட்டது.
"வாடகை பாக்கியோடு
ராத்திரி காலி பண்ணுவானே, அந்த மாதிரி."

உள்ளே போனார்.
நாற்காலி சுற்றியது, எங்கும் இடிக்கவில்லை.
நான் லியோங்கைப் பார்த்துச் சிரித்தேன்.
அவன் வாயில் திருகாணிகள், சிரிக்க முடியவில்லை.

"கதவைச் சாத்துங்க" என்றார்.
கதவு உள்பக்கமாய் வந்து
வட்டத்தில் பாதியைத் தின்றது.

"நான் விழுந்தால்
இந்தக் கதவுக்கு நான்தான் தாழ்ப்பாள்.
எதைத் தள்ளித் திறப்பீங்க தம்பி,
என்னையா?"

பென்சிலை எடுத்தேன்.

அடுத்தது தண்ணீர்க் குழாய்.
இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.
வெளிநாட்டுக் கையேட்டில் காகிதச் சுருள்தான் உண்டு;
நம்மவர் கழுவுவது இடக்கையால் என்று
இடப்பக்கச் சுவரில் நானே வரைந்து சேர்த்தது,
கைப்பிடிக் கம்பியும் அங்கேயே.

அவர் இடக்கையை
வலக்கையால் எடுத்து மடியில் வைத்தார்,
தூங்கும் பூனையை நகர்த்துவதுபோல.
"இது போனபிறகு
சோற்றுக் கைக்கே இரண்டு வேலையும்.
முதல் மாசம் சாப்பாடு இறங்கவில்லை.
அப்புறம் பழகிப்போச்சு.
கைக்குத் தெரியுமா, அதற்கு எந்தச் சாதி என்று?"

ஓர் அறையில் வலப்பக்கம், ஓர் அறையில் இடப்பக்கம்;
இரண்டு அறை வேண்டும், கண்ணாடிப் பிம்பமாய்.
இடமில்லை என்பார்கள் அலுவலகத்தில்.
எழுதிக்கொண்டேன்.

தரை ஈரமாயிருந்தால் சக்கரம் வழுக்கும்.
பையை மாட்டும் கொக்கி ராட்சசனுக்கு அடித்தது.
மோப்பும் வாளியும் வைக்க வேறு இடம் ஒதுக்குங்கள்,
இல்லாவிட்டால் இங்கேதான் வைப்பார்கள், பூட்டுவார்கள்,
சாவி வைத்திருக்கும் காவலாளி சாப்பிடப் போயிருப்பார்.
"அதனால் வெளியே கிளம்பும் நாளில்
நான் தண்ணீர் குடிக்கிறதில்லை."
வெயில் அதிகம் என்பதுபோல் சொன்னார்.

இன்றைக்கு மட்டும் குடித்திருக்கிறார்,
கழிப்பறை கட்டுகிறவர்களிடம்தானே போகிறோம் என்று.

நாலரை மணிக்கு மெதுவாகக் கேட்டார்:
"இங்கே நிஜமானது எங்கே இருக்கு?"

பட்டறைப் பின்கட்டில்
ஒரு முழம் உயரப் படிக்கு மேலே இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் படியைப் பார்த்தோம்.
என் கையில் பதினெட்டு வரைபடங்கள்.

லியோங் திருகாணிகளைத் துப்பினான்.
கீல்களைக் கழற்றி, கதவைத் தோளில் தூக்கிவந்து
படிமேல் சாய்த்தான்.
உள்ளேயா வெளியேயா என்று நாங்கள் வாதாடிய கதவு
தரையைப் பார்த்துத் திறந்துகொண்டது.
அதன்மேல் ஏறினார், நான் பின்னால் தள்ள.
வாசலோடு நாற்காலி நின்றுவிட்டது.
நிலைச்சட்டத்தைப் பிடித்து
மிச்சம் மூன்று எட்டு அவரே போனார்.

நாற்காலி குறுக்கே நிற்க அந்த அறையைச் சாத்த முடியாது.
திரும்பி நின்றோம்.
லியோங் போய் அறுப்பு மெஷினைப் போட்டான்.
மரம் ஏதும் வைக்கவில்லை.
பட்டறை முழுக்க அந்தச் சத்தம்,
அவர் கூப்பிடும்வரை
வெறும் காற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

வரும்போது முகம் கழுவியிருந்தார்.
"சோப்பு எட்டவில்லை" என்றார்.
"அதையும் எழுதுங்க."